கோவிட் மாத்திரை: முதல் வேளை போடும் முன் பழைய மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

2021 மே மாதம் மதுரை மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் ஊசிக்காக ஜனங்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். இன்றைக்குக் கோவிட் வந்தால் பெரும்பாலானவர்கள் கஞ்சி, பாராசிட்டமால், மூன்று நாள் ஓய்வு என்று எழுந்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் உள்ள எழுபது வயது அப்பத்தாவுக்கும், கீமோ ஓடிக்கொண்டிருக்கும் அக்காவுக்கும், கிட்னி மாற்றிய மாமாவுக்கும் அது இன்னும் ஆபத்தான நோய்தான். அவர்களை ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகாமல் காப்பாற்றத்தான் வாயால் சாப்பிடும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் வந்தன.

மருந்துக் கடையில் நிற்கும் என்னிடம், இந்த மாத்திரை கேட்டு வருபவர்கள் முதலில் கேட்பது “இதுல சைடு எஃபெக்ட் இருக்குமாண்ணே?” என்பதுதான். இருக்கும். பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளோடு இது மோதும் மோதலுக்கு. இந்தக் கட்டுரையில் கிட்டத்தட்டப் பாதி அதைப் பற்றித்தான். முதல் தடவை வீட்டில் ஒருவருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த மாத்திரை, யாருக்கு

பேச்சில் அடிபடுபவை இரண்டு. ஒன்று பாக்ஸ்லோவிட். நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்த ஜோடி. ஹெட்டெரோ கம்பெனியின் நிர்மாகாம் போல இந்திய ஜெனரிக் வடிவங்களும் உண்டு. இன்னொன்று மோல்னுபிராவிர். இதற்கு 2021 டிசம்பர் கடைசியில் இந்தியாவில் அவசர அனுமதி கிடைத்து, பல கம்பெனிகள் பல பெயர்களில் கொண்டுவந்தன.

இரண்டும் சமமில்லை. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் பாக்ஸ்லோவிட் ஆஸ்பத்திரி சேர்க்கையையும் மரணத்தையும் கிட்டத்தட்ட 89 சதவீதம் குறைத்தது. மோல்னுபிராவிர் குறைத்தது சுமார் 30 சதவீதம். மோல்னுபிராவிரின் பாதுகாப்பு பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தலைவராக இருந்த பல்ராம் பார்கவா 2022 ஜனவரியிலேயே கவலை தெரிவித்தார். தேசிய சிகிச்சை நெறிமுறையில் அதைச் சேர்க்கவில்லை. 2023 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல் அதைப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொன்னது. ஆகவே யாராவது மோல்னுபிராவிர் எழுதினால், “இதுதான் வேணுமா டாக்டர், மத்ததுக்கு வழி இல்லையா?” என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வேறு நோய் இல்லாத முப்பது வயதுக்காரருக்கு இரண்டுமே தேவையில்லை. தடுப்பூசி போட்டவர்களிடமும் ஆபத்து குறைந்தவர்களிடமும் செய்த ஆய்வில், பாக்ஸ்லோவிட் அறிகுறிகளைச் சொல்லத்தக்க அளவுக்குச் சீக்கிரம் குறைக்கவில்லை. ‘வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது, நாமும் முன்கூட்டியே போட்டுக்கொள்வோம்’ என்பதும் வேண்டாம். அதையும் ஆய்வு செய்து பார்த்தார்கள், தடுக்கவில்லை. ஒருவருக்கு வாங்கிய பெட்டியை வீட்டில் ஆளுக்கு இரண்டு நாள் என்று பிரித்துச் சாப்பிட்டால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

முதல் வேலை: நாளை எண்ணுங்கள்

அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். டெஸ்ட் ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. தொண்டையில் முதன்முதலாகக் கரகரப்பு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். திங்கட்கிழமை கரகரப்பு, புதன்கிழமை காய்ச்சல், வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்றால் நாள் கிட்டத்தட்ட ஓடிவிட்டது. கிராமத்தில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்தோ பேரையூர்ப் பக்கம் இருந்தோ ஒரு வயசாளியை டவுனுக்குக் கூட்டி வருவதற்குள் இரண்டு நாள் போய்விடும். ஆபத்துள்ளவர் வீட்டில் இருந்தால், காய்ச்சல் வந்த அன்றைக்கே டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

டெஸ்ட் எடுக்காமல் ஊகத்தில் இந்த மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள். மழைக்காலத்தில் மதுரையில் டெங்குவும் சுற்றும். வீட்டுக் கிட்டில் முதல் நாள் நெகட்டிவ் வந்தாலும் அதை முடிவாக எடுக்க முடியாது. வயசாளி என்றால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுப்பது நல்லது. எந்தக் காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

இரண்டாவது வேலை: மஞ்சப் பை

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோங்கள். சீட்டு மட்டும் போதாது. சீட்டில் இல்லாதவைதான் பெரும்பாலும் சிக்கல்.

அலங்காநல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மஞ்சப் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். “இது சக்கரைக்கு, இது பிரஷருக்கு, இந்தச் செவப்பு எதுக்குன்னே தெரியல தம்பி, ஹார்ட்டு டாக்டரு குடுத்தது, ரெண்டு வருசமா போடுறேன்” என்றார். மாத்திரை அட்டையின் ஓரம் வெட்டப்பட்டு, பெயரில் கடைசி நாலு எழுத்துதான் பாக்கி இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை அது. அவருக்குத் தெரியாத அந்த ஒன்றுதான் அன்றைக்கு முக்கியமானது. அட்டையை வெட்டும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கடைசி வரை விட்டுவைக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மோதல் எப்படி வருகிறது என்று புரிந்தால் பாதி பயம் போய்விடும். நாம் சாப்பிடும் பல மருந்துகளைக் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. கண்மாய்க்கு மடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்மட்ரெல்விர் உடம்பில் போதுமான நேரம் தங்க வேண்டும் என்பதற்காக ரிட்டோனவிர் அந்த மடையை அடைக்கிறது. அதற்காகத்தான் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மடையை அடைத்தால் அந்த ஒரு மருந்து மட்டுமா தேங்கும்? அதே வழியாக வெளியேறும் மற்ற மருந்துகளும் ஏறிக்கொண்டே போகும்.

கொழுப்பு மாத்திரையில் ஆரம்பிப்போம். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் பாக்ஸ்லோவிட்டோடு சேரவே கூடாது. தேங்கினால் தசை கரைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நம் ஊரில் அதிகம் ஓடுவது அட்டோர்வாஸ்டாட்டின். அதைப் பெரும்பாலும் அந்த ஐந்து நாளும், அதற்குப் பிறகு சில நாளும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். கொழுப்பு மாத்திரையைச் சில நாள் விட்டால் பொதுவாகக் கெடுதல் இல்லை.

இதய மாத்திரை அப்படி இல்லை. அமியோடரோன், ரானோலசின், ஐவாப்ராடின் சாப்பிடுபவர்களுக்குப் பாக்ஸ்லோவிட் கொடுக்கக் கூடாது. டிகாக்சின் என்றால் இதய டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோகிரெல் விஷயம் தலைகீழ்: அந்த மருந்து உடம்பில் மாறினால்தான் வேலை செய்யும், ரிட்டோனவிர் அந்த மாற்றத்தைக் கெடுப்பதால் அதன் பலன் குறையும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிர் விஷயம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்சூலில் வருவதும் உண்டு. அதனால் “எனக்கு ஒரு கேப்சூல்தான்” என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது; அட்டையைப் படிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபாரின், அசிட்ரோம் வகைகளுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவு டெஸ்டை அடிக்கடி பார்க்க வேண்டும். ரத்த உறைவைத் தடுக்கும் ரிவராக்சபான் தேங்கினால் ரத்தக் கசிவு வரும், சேர்க்கக் கூடாது. அபிக்சபானுக்கு டாக்டர் அளவு குறைக்கலாம். இவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அப்படியே தொடரவும் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரைப் போனிலாவது பிடியுங்கள்.

வலிப்பு மாத்திரையும் டி.பி. மாத்திரையும் எதிர்ப்பக்கம். ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால், ரிஃபாம்பிசின் ஆகியவை மடையை அகலமாகத் திறந்துவிடுகின்றன. பாக்ஸ்லோவிட் நிற்காமல் ஓடிவிடும், வேலையே செய்யாது. ‘அஞ்சு நாளைக்கு டி.பி. மாத்திரையை நிறுத்திக்கொள்கிறேன்’ என்று சொல்வதும் தப்பு. நிறுத்திய பிறகும் அந்த விளைவு பல நாள் நீடிக்கும், டி.பி. சிகிச்சையும் கெடும். இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் ரெம்டெசிவிர் ஊசி போல வேறு வழியை டாக்டர் பார்ப்பார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரைகளில் அம்லோடிபின் இருக்கும். அதுவும் தேங்கும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. பிரஷரைப் பார்த்துக்கொண்டு, தலைசுற்றலோ கால் வீக்கமோ வந்தால் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். மெட்ஃபார்மினும் இன்சுலினும் இதோடு மோதுவதில்லை. ஆனால் காய்ச்சலில் சாப்பாடு குறைந்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சர்க்கரை தாழும். காலை மாலை குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கும் இரண்டு உண்டு. புரோஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின், அல்ஃபுசோசின்: பிரஷர் திடீரென விழுந்து மயக்கம் வரும், அல்ஃபுசோசின் சேரவே கூடாது. அப்புறம் ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில், டாடலாஃபில். சீட்டு இல்லாமல் வாங்கி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். அவர் இதைத் தினமும் கேட்கிறவர்.

இன்னும் சில: கீல்வாதத்துக்குக் கோல்ச்சிசின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், ஒற்றைத் தலைவலிக்கு எர்கோட்டமின் கலந்த மாத்திரை, சால்மெட்டரால் கலந்த இன்ஹேலர், கிட்னி மாற்றியவர்களின் டாக்ரோலிமஸ். கடைசியாகச் சொன்னது மிக ஆபத்து; சிறுநீரக டாக்டர் சம்மதம் இல்லாமல் ஒரு வேளைகூடப் போடக் கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அதன் பலன் குறையலாம். அந்த மாதம் ஆணுறையும் பயன்படுத்துவது நல்லது. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரிட்டோனவிர் அந்த நோய்க்கும் பயன்படும் மருந்துதான்.

கீழமாசி வீதியில் வாங்கிய சூரணமும் லேகியமும் அதே மஞ்சப் பையில் வரட்டும். கபசுரக் குடிநீரை நம் ஊரே குடித்தது. அதைப் பழிக்க இதை எழுதவில்லை. ஆனால் பல மூலிகை சேர்ந்த ஒன்று ரிட்டோனவிரோடு எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியான ஆய்வு கையில் இல்லாதபோது, அந்த ஐந்து நாள் நிறுத்திவைப்பதுதான் என் யோசனை.

மூன்றாவது: கிட்னி, கல்லீரல், கர்ப்பம்

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்டைக் கடைசியாகப் பார்த்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் கிட்னி சத்தமில்லாமல் குறைந்திருக்கும். ஓரளவு குறைந்திருந்தால் நிர்மட்ரெல்விர் அளவு பாதியாகும்: வேளைக்கு இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்று, ரிட்டோனவிர் அப்படியே ஒன்று. அப்போது கூடுதலாக உள்ள மாத்திரைகளைக் கடையிலேயே அட்டையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் மறந்து போட்டுவிடுவார்கள். மிகவும் குறைந்தவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் சிறுநீரக டாக்டர் தனியாக முடிவு செய்வார். கல்லீரல் மிக மோசமாகக் கெட்டவர்களுக்குப் பாக்ஸ்லோவிட் ஏற்றதில்லை.

கர்ப்பிணிக்கு மோல்னுபிராவிர் கூடாது. கருவைப் பாதிக்கலாம். அதைச் சாப்பிடும் பெண் கடைசி வேளைக்குப் பின் நாலு நாள் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவரை தாய்ப்பாலும் கொடுக்க வேண்டாம். ஆண் என்றால் மூன்று மாதம் கருத்தடை அவசியம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களிடம் இதைக் கடையில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 18 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவும் கூடாது. எலும்பு, குருத்தெலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம்.

சாப்பிடும் முறை

பாக்ஸ்லோவிட்: காலையில் நிர்மட்ரெல்விர் 150 மில்லிகிராம் இரண்டு, ரிட்டோனவிர் 100 மில்லிகிராம் ஒன்று, மூன்றையும் ஒரே நேரத்தில். இரவும் அப்படியே. ஐந்து நாளில் மொத்தம் முப்பது மாத்திரை. ஒரிஜினல் அட்டையில் நிர்மட்ரெல்விர் இளஞ்சிவப்பு, ரிட்டோனவிர் வெள்ளை. ஜெனரிக்கில் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். முழுசாக விழுங்க வேண்டும். வயசாளிக்கு விழுங்கச் சிரமம் என்று அம்மியில் பொடித்து வாழைப்பழத்தில் கலந்து கொடுக்காதீர்கள். உடைக்கவோ மெல்லவோ கூடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடலாம். குமட்டல் உள்ளவர்களுக்கு இட்லியோ ரசம் சாதமோ சாப்பிட்ட பிறகு போட்டால் தாங்கும்.

ஒரு வேளை மறந்தால்? காலை எட்டு மணி மாத்திரை மதியம் நாலு மணிக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம். நாலு மணி தாண்டிவிட்டால் விட்டுவிட்டு, இரவு வேளையை வழக்கம்போலப் போடுங்கள். இரட்டையாகப் போடாதீர்கள். மூன்றாம் நாள் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தாமல் ஐந்து நாளும் முடியுங்கள்.

டாக்டர் தெரிந்தே மோல்னுபிராவிர் எழுதியிருந்தால் அளவு 800 மில்லிகிராம், காலை இரவு, ஐந்து நாள். 200 மில்லிகிராம் கேப்சூல் என்றால் வேளைக்கு நாலு.

எந்தத் தொந்தரவு சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

பாக்ஸ்லோவிட்டில் அதிகம் வருவது வாயில் கசப்பும் உலோக ருசியும். பித்தளைப் பாத்திரத்தை நக்கியதுபோல இருக்கிறது என்பார்கள். காபி குடித்தாலும் போகாது, தூங்கி எழுந்தாலும் இருக்கும். ஆபத்தில்லை, மாத்திரை முடிந்த ஓரிரு நாளில் போய்விடும். கல்கண்டு, இஞ்சி மிட்டாய், எலுமிச்சை சேர்த்த மோர் சிலருக்கு உதவுகிறது. சர்க்கரைக்காரர்கள் மிட்டாயை விட்டுவிட்டு நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

வயிற்றுப்போக்கு, குமட்டல், உடம்பு வலி, தலைவலி, கொஞ்சம் பிரஷர் ஏறுவது, இவையும் வரலாம். மோல்னுபிராவிரில் வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைசுற்றல். ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சித் தண்ணீரும் போதும்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை வேறு. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு முகம் வீங்குவது, தொண்டை இறுகுவது: ஒவ்வாமை, அடுத்த மாத்திரை போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, மேல் வயிற்று வலி: கல்லீரலைப் பார்க்க வேண்டும். தோல் கொப்புளம், வாய்ப்புண், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எங்கிருந்தாவது ரத்தக் கசிவு என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நோய் முற்றுவதும் உண்டு. அதனால் ஆக்சிமீட்டர் கையில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் பாருங்கள். 94-க்குக் கீழே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ கிளம்பிவிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சொந்தமாக ஆரம்பிக்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் பலனில்லை, சர்க்கரைதான் எகிறும்.

சந்தேகத்துக்கு 104 இருக்கிறது. மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு. நோயாளியே கூப்பிடலாம்.

ஐந்து நாளுக்குப் பிறகு

குணமாகி, டெஸ்டும் நெகட்டிவ் ஆகி, இரண்டிலிருந்து எட்டு நாளுக்குள் சிலருக்கு மறுபடி சளி, காய்ச்சல், பாசிட்டிவ் என்று வரும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இது வருவதுண்டு. பெரும்பாலும் லேசாகவே போய்விடும். இன்னொரு பெட்டி வாங்க வேண்டாம். மறுபடி மாஸ்க் போட்டுத் தனியாக இருந்து, அறிகுறி ஏறினால் டாக்டரைப் பாருங்கள்.

மீந்த மாத்திரையை அலமாரியில் வைத்து அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்து இது. அவருடைய மாத்திரைப் பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நிறுத்திவைத்த பழைய மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பிக்க மறப்பவர்கள் நிறையப் பேர். ரிட்டோனவிரின் பிடி பெருமளவு விட, கடைசி வேளைக்குப் பின் சுமார் மூன்று நாள் ஆகும். அதனால் எந்த மாத்திரையை எந்தத் தேதியில் திரும்பத் தொடங்க வேண்டும் என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டு, சமையல்கட்டில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதித் தாளிலேயே மாத்திரையின் பெயரை எழுதிவிடுங்கள். அளவைக் குறைத்த பிரஷர் மாத்திரைக்கும் அதேபோல ஒரு தேதி எழுதுங்கள்.